செயற்கைச் சுவாசமும் முன்கணிப்பும்

திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தென்கேரள மக்களுக்கு மட்டுமன்றி, 1956-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழகத்துடன் இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தினருக்கும் அதன் மருத்துவமனை நெடுங்காலமாகப் புகலிடமாக இருந்து வருகிறது. அங்கு மட்டுமல்ல, அதனையொத்த எந்தப் பெரிய மருத்துவமனையிலும் இரவு நேரத்து அவசரப் பிரிவுக்கு வரும் நோயாளிகளுள் ஒரு வகையினரை வாயிலிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். வயது அறுபதைக் கடந்திருக்கும். உடல் மெலிந்திருக்கும். இரு கைகளையும் முழங்கால்மீது ஊன்றி, முன்புறம் சாய்ந்தமர்ந்து, உதடுகளைக் குவித்து மூச்சை வெளியே தள்ளிக்கொண்டிருப்பார். பல்லாண்டுகள் பீடி புகைத்த தொழிலாளியாக அவர் இருக்கலாம். தென்னை மட்டையும் சிரட்டையும் எரியும் அடுப்பின் முன்னே வாழ்நாளில் பாதியைக் கழித்த பெண்மணியாகவும் இருக்கலாம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றி, இடையே ஒரு சளித்தொற்றும் சேர்ந்துகொண்டதால் சுவாசம் தோல்வியுறும் நிலையில் வந்து சேர்ந்திருப்பவர் அவர்.

அப்போது எழும் வினா சுருக்கமானது. இவரைச் செயற்கைச் சுவாசக் கருவியில், அதாவது வென்டிலேட்டரில், வைக்கலாமா? வைத்தால் பிழைப்பாரா? பிழைத்தால் எத்தகைய வாழ்வுக்குத் திரும்புவார்? குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்பதும், மருத்துவர் தம் மனத்துள் கேட்டுக்கொள்வதும், தீவிர சிகிச்சைப் படுக்கைகளின் எண்ணிக்கையை முடிவு செய்யும் நிருவாகி கேட்க வேண்டியதும் இவ்வினாவையேதான். இதற்கு விடை காண மருத்துவ உலகம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக எண்களின் துணையை நாடி வந்துள்ளது. அந்த எண்கள் எவற்றைச் சொல்லும், எவற்றைச் சொல்லமாட்டா என்பதை அறிந்துகொள்வது மாணவர்க்கும் அலுவலர்க்கும் ஒருங்கே பயன் தரும்.

நோயின் பரப்பு

இந்தியாவில் இந்நோயால் பாதிக்கப்பட்டோர் 1990-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 81 இலட்சம் பேர் எனவும், 2016-ஆம் ஆண்டில் 5 கோடியே 53 இலட்சம் பேர் எனவும் 2018-இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு கூறுகிறது. மக்கள்தொகை பெருகியதும் முதியோர் பங்கு உயர்ந்ததும் இதற்குப் பெருங்காரணங்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரள மக்களுள் 12.6 விழுக்காட்டினர் 60 வயதினை எட்டியவர்கள். நாட்டின் மாநிலங்களுள் இதுவே மிக உயர்ந்த விகிதமாகும். ஆயுள் நீட்டிப்பில் வெற்றி கண்ட மாநிலம், அவ்வெற்றியின் விலையாக நாட்பட்ட நோய்களின் சுமையை மற்றவர்களுக்கு முன்னரே தாங்க வேண்டியதாயிற்று. ஆகவே, இன்று திருவனந்தபுரத்தில் எழும் இவ்வினா நாளை பிற மாநிலங்களிலும் இதே அழுத்தத்தோடு எழும் என எதிர்பார்க்கலாம்.

மூச்சு ஏன் தோல்வியுறுகிறது?

முன்கணிப்பைப் புரிந்துகொள்ள, நோயின் இயக்கத்தைச் சற்றே அறிதல் வேண்டும். நலமான நுரையீரலில் உள்ளிழுத்த காற்று தானாகவே வெளியேறிவிடும். இந்நோயில் சிறு காற்றுக்குழல்கள் வீங்கிச் சுருங்கி, சளியால் அடைபட்டு, மூச்சை வெளிவிடும்போது மூடிக்கொள்கின்றன. முந்தைய மூச்சின் காற்று முழுவதும் வெளியேறுமுன்னரே அடுத்த மூச்சு தொடங்கிவிடுகிறது. இவ்வாறு காற்று உள்ளே தேங்கத் தேங்க, நெஞ்சுக்கூடு ஊதிப் பெருத்து, உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. தட்டையான தசை சுருங்குவதற்கு இடமின்றி மிகையாக உழைத்துக் களைத்துப் போகிறது. களைப்பு முற்றியதும் கரியமில வாயு இரத்தத்தில் தேங்குகிறது. இரத்தத்தின் அமிலத்தன்மை கூடுகிறது. 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டிய பி.எச். அளவு 7.30-க்கும் கீழே இறங்கும்போது நினைவு மங்கத் தொடங்கலாம்.

இங்கே நம்பிக்கைக்கு இடமளிக்கும் ஓர் உண்மை உண்டு. தோல்வியுற்றது பெரும்பாலும் மூச்சை இயக்கும் தசைப் பொறியே. நுரையீரலின் பழைய சேதம் மீளாது என்பது மெய்தான். ஆனால் அன்றைய நெருக்கடியைத் தோற்றுவித்த தொற்றும், குழல்களின் சுருக்கமும், தசைக் களைப்பும் மருந்தினாலும் ஓய்வினாலும் மீளக்கூடியவை. கருவி அளிப்பது அந்த ஓய்வைத்தான். இதனாலேயே, தோற்றத்தில் மிக மோசமாக உள்ள இந்நோயாளி, இரத்தத்தில் நச்சுத்தொற்று பரவி பல உறுப்புகள் செயலிழந்த வேறொரு நோயாளியைக் காட்டிலும் எளிதில் மீண்டுவிடுதல் கூடும். கருவியை இயக்குவோரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். மூச்சின் எண்ணிக்கையைக் குறைத்து, வெளிவிடுவதற்கு நெடிய நேரம் தராமல், விரைவாகக் காற்றைச் செலுத்தினால் தேக்கம் மேலும் பெருகி இரத்த அழுத்தம் வீழ்ந்துவிடும்.

கோபன்ஹேகனில் தொடங்கிய கதை

செயற்கைச் சுவாசத்தின் இன்றைய வரலாறு 1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரில் தொடங்குகிறது எனலாம். அவ்வாண்டு இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவி, சுவாசத் தசைகள் செயலிழந்தோர் நாள்தோறும் மருத்துவமனைக்கு வந்தவண்ணம் இருந்தனர். இருந்த சில இயந்திரங்கள் போதவில்லை. மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன், கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் முறையைப் புகுத்தினார். ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் பையை அழுத்தினர். பத்தில் ஒன்பதை ஒட்டியிருந்த இறப்பு விகிதம் பாதிக்கும் கீழாக இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற அமைப்பே அங்குதான் உருவாயிற்று.

கைப்பையின் வரலாறு அத்துடன் முடியவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடலாம். 1950-களிலேயே தானே விரியும் ஆம்பு பை டென்மார்க்கில் வடிவமைக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. 2020-இல் கொரோனா பரவி வென்டிலேட்டர்களுக்குத் தட்டுப்பாடு ஏற்படுமோ என்ற அச்சம் எழுந்தபோது, திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம் அதே பையை இயந்திரக் கரங்கள் தாமாக அழுத்தும் ஓர் அவசரக் கருவியை வடிவமைத்து, பெங்களூரு விப்ரோ 3டி நிறுவனத்துடன் உற்பத்திக்கு உடன்பாடு செய்துகொண்டது. கருவி செய்தல் அரிதன்று என்பதை அது காட்டிற்று. அதை யாருக்கு, எப்போது, எத்தனை நாள் தருவது என்பதே கடினமான பகுதி.

மதிப்பெண் முறைகள்

1981-இல் அமெரிக்காவில் நாஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் அப்பாச்சி என்னும் மதிப்பெண் முறையை வெளியிட்டனர். 1985-இல் அது எளிமையாக்கப்பட்டு அப்பாச்சி 2 என வந்தது. உடல் வெப்பம், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, இரத்த பி.எச்., சோடியம் முதலான 12 அளவுகளோடு, வயதுக்கும் முன்னரே இருந்த நாட்பட்ட நோய்க்கும் எண்கள் தந்து கூட்டினால் 0 முதல் 71 வரை ஒரு மொத்தம் கிடைக்கும். மொத்தம் கூடக்கூட இறப்பு வாய்ப்பும் கூடும். தேர்வுத்தாள் திருத்துவது போன்ற இந்த எளிமையே அதனை உலகெங்கும் பரப்பியது.

ஆயினும் நுரையீரல் அடைப்பு நோயாளிகளைத் தனியே ஆராய்ந்தபோது சில எதிர்பாராத உண்மைகள் வெளிப்பட்டன. 1995-இல் அமெரிக்காவில் செனெஃப் குழுவினர் தீவிர சிகிச்சையில் சேர்க்கப்பட்ட 362 பேரை ஆராய்ந்தனர். மருத்துவமனையிலேயே இறந்தோர் 24 விழுக்காட்டினர். 65 வயதினை எட்டியவர்களுள் ஓராண்டுக்குள் இறந்தோர் 59 விழுக்காட்டினர். இவ்விறப்புகளைத் தீர்மானித்தவற்றுள் முதன்மையானது, நுரையீரல் அல்லாத பிற உறுப்புகளின் செயலிழப்பாகும். சேர்க்கையின்போது வென்டிலேட்டர் தேவைப்பட்டது என்ற ஒன்று மட்டும் இறப்பை முன்னறிவிக்கவில்லை. கருவியில் வைத்துவிட்டாலே முடிவு நெருங்கிவிட்டது எனக் கருதும் பொதுமக்களும், சிலபோது மருத்துவர்களும், இதனை நினைவிற்கொள்ளல் நன்று.

2001-இல் நெவின்சும் எப்ஸ்டைனும் குழாய் செலுத்திச் செயற்கைச் சுவாசம் அளிக்கப்பட்ட 166 பேரைப் பற்றி எழுதிய ஆய்வு இப்பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் மருத்துவமனையில் இறந்தோர் 28 விழுக்காடு. வேறு பெருநோய் ஏதுமின்றி, மூச்சு நோயின் திடீர்த் தீவிரத்தால் மட்டும் வந்தவர்களுள் 12 விழுக்காடே. 72 மணி நேரத்துக்கு மேல் கருவி தேவைப்பட்டோருள் 37 விழுக்காட்டினரும், அதற்குள் விடுபட்டோருள் 16 விழுக்காட்டினரும் இறந்தனர். குழாயை எடுத்த பின் மீண்டும் செலுத்த நேர்ந்தவர்களுள் இறப்பு 36 விழுக்காடு; முதல் முயற்சியிலேயே விடுபட்டவர்களுள் 7 விழுக்காடு. முன்பு ஒருமுறை கருவியில் இருந்து மீண்டவர்கள் மறுமுறையும் மீள்வதற்கு வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்பது மற்றொரு செய்தி. இவ்வெண்களுள் பெரும்பகுதி சேர்க்கும் நேரத்தில் கிடைப்பனவல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் மூன்று நாட்கள் கடந்த பின்னரே நோயாளி எந்தப் பிரிவினர் என்பது புலப்படும். நள்ளிரவில் வாயிலில் நின்று தீர்ப்புக் கூறுவது ஏன் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2012-இல் பிரிட்டனில் ஸ்டீயர் குழுவினர் 920 நோயாளிகளைக் கொண்டு வகுத்த டீகாஃப் மதிப்பெண் ஐந்தே செய்திகளைக் கேட்கிறது: நோய்க்கு முன் இருந்த மூச்சிரைப்பின் அளவு, இரத்தத்தில் ஈயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்களின் குறைவு, எக்ஸ்ரேயில் நிமோனியாவுக்குரிய படிவு, பி.எச். 7.30-க்குக் கீழ் இருத்தல், இதய மேலறைத் துடிப்பின் ஒழுங்கின்மை. மொத்தம் 6 மதிப்பெண். வென்டிலேட்டரில் உள்ளோருக்கென வகுக்கப்பட்டதன்று இது. நோய் தீவிரமாகி மருத்துவமனையில் சேரும் அனைவருக்குமானது. எனினும் அதில் ஆழ்ந்து நோக்கத்தக்க ஒன்று உண்டு. ஐந்தனுள் இரண்டு மதிப்பெண் வரை பெறக்கூடியது மூச்சிரைப்பு ஒன்றே. வீட்டைவிட்டு வெளியே செல்ல இயலாதவராயினும் தாமே குளித்து உடுத்திக்கொள்பவருக்கு 1. குளிக்கவும் உடுத்தவும் பிறர் துணை வேண்டியவருக்கு 2. விலையுயர்ந்த எந்தச் சோதனையும் இதற்குத் தேவையில்லை. உடன் வந்த மகளிடம் கேட்டால் போதும். 'போன மாதம் அம்மா தாமே குளித்தார்களா?' என்ற கேள்வி, இரத்தப் பரிசோதனைகள் பலவற்றுக்கு ஈடாக முன்கணிப்புக்கு உதவுகிறது. ஆனால் அவசரப் பிரிவின் பரபரப்பில் முதலில் விடுபட்டுப்போவதும் இக்கேள்வியே.

மருத்துவரின் மனக்கணக்கு

மதிப்பெண்கள் இருந்தாலும், நடைமுறையில் முடிவெடுப்பது மருத்துவரின் மனக்கணக்குத்தான். அது எவ்வளவு துல்லியமானது? பிரிட்டனில் வைல்ட்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. மூச்சடைப்பு நோய் தீவிரமாகிச் சேர்க்கப்பட்ட 832 பேர் ஒவ்வொருவரைப் பற்றியும், 180 நாட்களுக்குப் பின் உயிரோடிருப்பாரா என்பதை மருத்துவர்கள் முன்கூட்டியே எழுதித் தந்தனர். சராசரியாக 49 விழுக்காட்டினர் பிழைப்பர் என்பது அவர்கள் கணிப்பு. பிழைத்தோர் 62 விழுக்காட்டினர். மிக மோசமானவர்கள் எனக் கருதப்பட்ட ஐந்தில் ஒரு பகுதியினரைப் பற்றிய கணிப்பு 10 விழுக்காடு. அவர்களுள் உண்மையில் பிழைத்தோர் 40 விழுக்காட்டினர்.

இத்தவறு அறியாமையால் வந்ததன்று. ஊதிப்போன நெஞ்சும் நீலம் பாய்ந்த உதடும் கொண்ட ஒருவரைப் பார்க்கும் கண், நோய் முற்றிய நிலையை மட்டுமே காண்கிறது. நலம் பெற்று வீட்டுக்குப் போனவரை அதே மருத்துவர் மீண்டும் பார்ப்பது அரிது. மோசமாகித் திரும்பி வருபவரையே பார்க்கிறார். மேலும், இவ்வாய்வில் எண்ணப்பட்டவர்கள் தீவிர சிகிச்சைக்கு ஏற்கப்பட்டவர்கள். பயனில்லை எனக் கருதி வாயிலிலேயே மறுக்கப்பட்டவர்கள் கணக்கில் வரவில்லை. அவர்கள் கருவியின்றி இறந்துபோனால், கணிப்பு மெய்யாயிற்று என்றே தோன்றும். தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் இத்தகைய கணிப்பினைத் திருத்துவதற்கு அனுபவம் மட்டும் உதவாது. பின்தொடர்ந்து எண்ணிப் பார்த்தலே உதவும்.

அதே குழுவினரின் பின்தொடர் ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. பிழைத்தவர்களுள் 73 விழுக்காட்டினர் தம் வாழ்க்கைத் தரம் நோய் தீவிரமாவதற்கு முன் இருந்த அளவிலோ அதனினும் மேலாகவோ உள்ளதெனக் கூறினர். மீண்டும் இந்நிலை வரின் இதே சிகிச்சையை ஏற்போம் என்றோர் 96 விழுக்காட்டினர். ஆனால் இதனைக் கொண்டு மட்டும் மிகை நம்பிக்கைக்கு இடம் தருதலும் ஆகாது. கரியமில வாயு தேங்கிய நிலையில் சேர்க்கப்பட்ட 1,016 பேரைப் பற்றி 1996-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் இறந்தோர் 11 விழுக்காட்டினர் மட்டுமே. ஓராண்டில் அது 43 விழுக்காடாகவும், ஈராண்டில் 49 விழுக்காடாகவும் உயர்ந்தது. வாயிலைத் தாண்டி வீடு சேர்ந்ததோடு கணக்கு முடிவதில்லை.

முகமூடி மாற்றிய நிலைமை

1990-களில் பரவிய ஒரு புதுமை இக்கணக்குகள் அனைத்தையும் மாற்றியது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தாமல், முகத்தில் இறுகப் பொருந்தும் முகமூடி வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் முறை அது. பைபாப் என்ற பெயரில் இன்று பொதுமக்களும் அதனை அறிவர். 1995-இல் பிரஞ்சு மருத்துவர் புரோஷார் தலைமையில் 85 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றோருள் 74 விழுக்காட்டினருக்குக் குழாய் தேவைப்பட்டது. முகமூடி பெற்றோருள் 26 விழுக்காட்டினருக்கு மட்டுமே. இறப்பு 29 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாயிற்று. 2000-இல் பிரிட்டனின் 14 மருத்துவமனைகளில், தீவிர சிகிச்சைப் பிரிவில் அல்லாமல் பொதுப் பிரிவிலேயே, செவிலியர் கையாண்ட நிலையில் 236 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. அங்கும் இறப்பு 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்தது. பி.எச். 7.30-க்குக் கீழ் இருந்தவர்களுக்கு மட்டும் பொதுப் பிரிவில் அதே நன்மை கிட்டவில்லை; அவர்களுக்குக் கூடுதல் கண்காணிப்பு உள்ள இடமே ஏற்றது.

திட்டமிடுவோருக்கு இவ்வாய்வின் பொருள் வெளிப்படை. ஒரு முழு வென்டிலேட்டரின் விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கும் கருவியும், முறையான பயிற்சி பெற்ற செவிலியரும், தமனி இரத்தத்தின் வாயு அளவைச் சோதிக்கும் வசதியும் வட்டார மருத்துவமனையில் இருந்தால், நோயாளிகளுள் கணிசமானோர் தலைநகர் வரை செல்ல வேண்டியிராது. முன்கணிப்புக்கும் இது துணை செய்கிறது. முகமூடி வைத்து ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் பி.எச். உயர்ந்து, மூச்சின் எண்ணிக்கை தணிந்தால் அதுவே நல்ல அறிகுறி. மாறாவிடில் அடுத்த முடிவை அப்போதே எடுத்தாக வேண்டும். வாயிலில் கூறப்படும் எந்த மதிப்பெண்ணையும்விட இந்த இரண்டு மணி நேரச் சோதனை நம்பத்தக்கது.

முடிவு மருத்துவமனைக்கு வருமுன்னரே தீர்மானிக்கப்படுவதும் உண்டு. இந்நோயாளிக்கு அளவின்றிப் பிராணவாயு கொடுத்தால் கரியமில வாயு மேலும் தேங்கும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் பணியாளர் 405 பேருக்குச் சிகிச்சையளித்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. இரத்தத்தின் பிராணவாயுச் செறிவை 88 முதல் 92 விழுக்காட்டுக்குள் நிறுத்தி அளந்து கொடுத்தபோது இறப்பு 4 விழுக்காடு. தாராளமாகக் கொடுத்தபோது 9 விழுக்காடு. 108 ஆம்புலன்சில் பணிபுரிவோருக்கு இந்த ஒற்றை விதியைக் கற்பிப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

அயல்நாட்டு எண்களும் உள்நாட்டு உண்மைகளும்

மேற்கூறிய மதிப்பெண்கள் யாவும் பிறநாட்டு மக்களைக் கொண்டு வகுக்கப்பட்டவை. அவற்றை அப்படியே திருவனந்தபுரத்தில் பொருத்தும்போது இரண்டு வினாக்களைப் பிரித்தறிய வேண்டும். அதிக ஆபத்தில் இருப்பவரையும் குறைந்த ஆபத்தில் இருப்பவரையும் மதிப்பெண் சரியாக வரிசைப்படுத்துகிறதா என்பது ஒன்று. அது கூறும் விழுக்காடு இங்கும் அதே விழுக்காடாக அமைகிறதா என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் எல்லை கடந்தும் பொருந்தும். இரண்டாவது பொருந்தும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு மதிப்பெண் 'நூற்றுக்கு 30' எனக் கூறுகிறது என்று கொள்வோம். அத்தகைய நூறு பேரில் ஏறத்தாழ முப்பதின்மர் இறப்பர் என்பதே அதன் பொருள். முன்னே படுத்திருப்பவர் அந்த முப்பதின்மருள் ஒருவரா, எஞ்சிய எழுபதின்மருள் ஒருவரா என்பதை அது கூறாது. கூறுவதாகக் கொண்டு சிகிச்சையை மறுப்பது கணிதத்தைப் பிழையாகப் பயன்படுத்துவதாகும்.

இந்தியச் சூழலின் வேறுபாடுகளும் பல. பழைய காசநோயால் நுரையீரல் சிதைந்து மூச்சடைப்புக்கு ஆளானோர் இங்கு மிகுதி. புகைபிடிக்காத பெண்களுக்கு விறகுப் புகையால் வரும் நோயும் மிகுதி. இவையெல்லாவற்றையும்விடக் கணக்கைக் குழப்புவது வேறொன்று: பணம் தீர்ந்துபோனதாலோ நம்பிக்கை இழந்ததாலோ, மருத்துவ ஆலோசனைக்கு மாறாக நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம். அவ்வாறு சென்றவர் வழியிலோ வீட்டிலோ இறந்தால் மருத்துவமனைப் பதிவேட்டில் அது இறப்பாக ஏறுவதில்லை. அத்தகைய பதிவேட்டை வைத்துக் கணித்த விழுக்காடு எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் நம்பத்தக்கதன்று.

கேரளத்துக்கு உள்ள வாய்ப்பு

பின்தொடர்ந்து எண்ணும் இப்பணியில் கேரளத்துக்குப் பிற மாநிலங்களுக்கு இல்லாத ஒரு வசதி அமைந்துள்ளது. 2008-இல் அம்மாநிலம் இந்தியாவிலேயே முதன்முதலாக வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. அதன் வழியே உள்ளாட்சி அமைப்புகள் தத்தம் பகுதியில் செவிலியரை நியமித்து, படுத்த படுக்கையாக உள்ளோரை வீட்டுக்கே சென்று கவனிக்கும் ஏற்பாடு பரவியது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய தொண்டர் இயக்கமே இதற்கு வித்தாயிற்று. அதன் முன்னோடிகளுள் ஒருவரான மருத்துவர் எம்.ஆர். இராஜகோபால் 2003-இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா அமைப்பை நிறுவினார். ஆதரவுச் சிகிச்சை என்றால் புற்றுநோய்க்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் இன்னும் முற்றிலும் அகலவில்லை. மூச்சிரைப்பால் ஆண்டுக்கணக்கில் அவதியுறுவோர் அதற்குச் சற்றும் குறைந்த உரிமை உடையவரல்லர்.

நோயின் மறுமுனையில் உள்ளது சுவாஸ் திட்டம். 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தின் பகுதியாக, குடும்ப நல மையங்களிலேயே மூச்சளவுச் சோதனை நடத்தி அடைப்பு நோயைத் தொடக்கத்தில் கண்டறிதல், புகைப்பழக்கத்தை விடத் துணைபுரிதல், உறிஞ்சு மருந்துகளை முறையாகப் பயன்படுத்தக் கற்பித்தல் ஆகியன அதன் பணிகள். காசநோயாளிகளுக்கென எழுந்து இன்று மார்புநோய் மருத்துவமனையாக விளங்கும் புலயனார்கோட்டை நிலையத்தையும் மருத்துவக் கல்லூரியையும் இத்துடன் சேர்த்து நோக்கினால், நோயின் முதல் மூச்சிரைப்பு முதல் இறுதிக் காலம் வரை ஒருவரைத் தொடர்ந்து கவனிப்பதற்குரிய கண்ணிகள் யாவும் ஒரே மாவட்டத்தில் உள்ளன. அவற்றை இணைக்கும் பதிவேடு ஒன்றே வேண்டற்பாலது.

அப்பதிவேடு பெரிதாக இருக்கத் தேவையில்லை. நோய்க்கு முந்தைய மாதத்தில் தாமே குளித்தாரா, வீட்டுக்கு வெளியே நடமாடினாரா. சேர்க்கையின்போதும் முகமூடி வைத்த பின்னும் பி.எச். என்ன, இதயம், சிறுநீரகம் முதலிய பிற உறுப்புகளின் நிலை, எடை, முன்பு கருவியில் இருந்ததுண்டா, குழாயை எடுத்த பின் மீண்டும் வைக்க நேர்ந்ததா, தாமாக வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டாரா. இவற்றோடு 180-ஆம் நாளன்று ஆஷா பணியாளரோ ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரோ வீட்டுக்குச் சென்று எழுதும் மூன்று வரிகள். சில ஆண்டுகளில், அயல்நாட்டு விழுக்காடுகளை நம்ப வேண்டிய தேவை குறைந்து, இவ்வூர் மக்களுக்கே உரிய எண்கள் கையில் இருக்கும்.

நோயாளியின் சொல்

கணிப்பு எவ்வளவு துல்லியமாயினும், எதை ஏற்பது என்பதைச் சொல்ல உரியவர் நோயாளியே. 2018-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கண்ணியத்துடன் இறக்கும் உரிமையை ஏற்று, குணப்படுத்த இயலாத நிலையில் உயிர்காப்புக் கருவி வேண்டாம் என முன்கூட்டியே எழுதி வைக்கும் விருப்ப ஆவணத்துக்கு இடமளித்தது. ஆனால் அதில் நீதித்துறை நடுவரின் கையொப்பம் முதலாக இருந்த நடைமுறைகள் சாமானியர்க்கு எட்டாதனவாக இருந்தன. 2023-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் அவை எளிதாக்கப்பட்டன. இப்போது நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையில் கையொப்பமிட்டால் போதும்; மருத்துவமனையின் முதல் குழுவும் இரண்டாவது குழுவும் தத்தம் கருத்தினை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்குமாறு அறிவுறுத்தப்பட்டுள்ளது. ஆவணம் ஏதும் எழுதி வைக்காதவர்களுக்கும், குடும்பத்தாரின் இசைவோடு இதே குழுக்களின் வழியே முடிவெடுக்க இடமுண்டு.

இச்சட்டத்தால் நன்மை பெறத்தக்கவர்களுள் நுரையீரல் அடைப்பு நோயாளிகள் முன்வரிசையில் உள்ளனர். பக்கவாதமோ விபத்தோ போல இந்நோய் எதிர்பாராமல் தாக்குவதன்று. ஆண்டுகள் பலவாக மெல்ல முற்றுகிறது. ஒவ்வொரு தீவிரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பேசுவதற்கு அமைதியான மாதங்கள் கிடைக்கின்றன. நள்ளிரவில், கரியமில வாயுவால் நினைவு மங்கியவரிடம் கேட்பதற்கு மாறாக, சுவாஸ் மருத்துவ முகாமில் பகல் வேளையில், மகனும் மகளும் உடனிருக்கக் கேட்கலாம். முகமூடி வரை போதுமா, குழாயும் வைக்கலாமா. சில நாட்கள் முயன்று பார்த்துப் பயனில்லையெனில் நிறுத்தலாமா. வீட்டிலேயே இருக்க விருப்பமா. ஒருமுறை கருவியிலிருந்து மீண்டவருக்கு இவ்வினாக்களின் பொருள் நன்கு விளங்கும். 180-ஆம் நாள் செல்லும் செவிலியர் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வியும் இதுவே. அவர் எழுதும் விடை, மலையாளத்திலோ, பாறசாலைக்குத் தெற்கேயிருந்து வந்தவராயின் தமிழிலோ, நோயாளியின் சொற்களிலேயே அமைந்து, தேதியிட்டு, குடும்ப நல மையத்தின் கோப்பில் ஒன்றும் நோயாளியின் கைப்புத்தகத்தில் ஒன்றுமாக இருத்தல் வேண்டும். அடுத்த முறை அவசரப் பிரிவில் பணியிலிருக்கும் இளம் மருத்துவர் முதலில் கேட்பது அந்தக் கைப்புத்தகத்தைத்தான்.